சொல்லிக்கொண்டு வெளிக்கிட்ட இடம்

ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை. இந்த நாட்டில் அது குளிர்காலம். காலை ஏழு மணிக்குச் சிறிதரனின் வான் வண்டி டெனிசன் பார்க் வாசலில் போய் நின்றபோது புல்லெல்லாம் உறைபனி பிடித்து வெளுத்துக் கிடந்தது. டண்டினொங்கில் உள்ள வீட்டில் இருந்து பதினைந்து நிமிட ஓட்டம்தான். பதினெட்டு வருடமாக இந்தப் பக்கத்திலேயே குடியிருந்தும் இப்படி ஒரு பேஸ்போல் மைதானம் இருப்பது சிறிதரனுக்குத் தெரியாது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு பேஸ்போல் எதற்கு?

"இதுக்கா அத்தான் இவ்வளவு சனம் அழுகுது?" என்று கேட்டான் கஜீவன்.

வேலிக் கம்பி நீளத்துக்குப் பூங்கொத்துகள், பழைய தொப்பிகள், பிளாஸ்டிக் உறைக்குள் படங்கள். சனம் இருந்து ஆட்டம் பார்க்கிற தொண்ணூறு வருடத்து மரக் கலரி அது. இடிக்கப் போகிறார்கள் என்று கதை கிளம்பியதும் சுற்றுவட்டாரச் சனம் முழுதும் திரண்டு சண்டை பிடித்தது. கடைசியில் புதுப்பிப்பது என்று முடிவாயிற்று. கலரியின் முகப்பும், மைதானத்தின் மறுகோடியில் தனியே நிற்கும் இரண்டு மாடி மர ஸ்கோர்போர்ட்டும் தப்பின. மிச்சமெல்லாம் கழன்று போக வேண்டியவை. கழற்றுகிற வேலைக்கு வந்தவர்கள்தான் சிறிதரனும் கஜீவனும்.

கஜீவன், சிறிதரனின் மனைவி தர்சினியின் தம்பி. அவளுக்கு மூன்று தம்பிமார். இரண்டு பேர் முள்ளிவாய்க்காலோடு போய்விட்டார்கள். மிஞ்சிய இவன் கர்ப்பிணி மனைவியை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு 2012இல் படகேறி வந்தவன். விசாவுக்காகக் காத்திருந்து காத்திருந்தே பதின்மூன்று வருடத்தைத் தின்று முடித்திருந்தான். இப்போதுதான் எல்லாம் சரிவந்தது. ஓகஸ்ட் ஒன்பதாம் திகதி மிருணாளினியும் மகள் யாமினியும் வருகிறார்கள். விமான ரிக்கற் போட்டாயிற்று. பன்னிரண்டு வயது மகளை அவன் போன் திரையில் மட்டும்தான் கண்டிருக்கிறான்.

"ஓகஸ்ட் வரைக்கும் அவனைப் பத்திரமாப் பாருங்கோ," என்று தர்சினி தினமும் சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுக்கும்போது சொல்லுவாள். சிறிதரன் தலையாட்டுவான். வாயால் ஒன்றும் சொல்லமாட்டான். நல்ல மனிதன், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லத் தெரியாத மனிதன். இந்தக் கதையில் நடந்த அநியாயம் முழுவதற்கும் அதுதான் காரணம் என்று இன்றைக்கு அவன் நினைக்கிறான். கதை சொல்கிற எனக்கும் மறுத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

சூப்பர்வைசர் முரளிதரன் கோயம்புத்தூர்க்காரர். கையில் ஒரு கட்டுக் கடுதாசியோடு ஓடிவந்தார்.

"சிறி சார், முதல்ல ஸ்கோர்போர்ட். உள்ள இருக்கிற நம்பர் தகடு எல்லாத்தையும் துடைச்சு, லேபிள் ஒட்டி, பெட்டியில அடுக்கணும். ஒண்ணு நெளிஞ்சாலும் கவுன்சில் என் தலையைத் தின்னுரும்."

ஸ்கோர்போர்ட்டின் பின்கதவில் வரிசையாக ஏழு ஆணிகள் அடிக்கப்பட்டிருந்தன. துரு தின்ற பழைய ஆணிகள். கஜீவன் ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டான். உள்ளே எட்டிப் பார்த்தார்கள். இருட்டு. எலிப் புழுக்கை மணத்தோடு, மூட்டுவலிக்குப் பூசும் நோவெண்ணெய் மாதிரி ஏதோ ஒரு மணம். எண் எழுதிய இரும்புத் தகடுகள் சுவரெல்லாம் கொளுவித் தொங்கின. நடுவில் வெறும் பலகைத் தரை. லைற் கொண்டுவர வேண்டும் என்று கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போனார்கள். லைற் தேடிப் பிடித்து, சாப்பாடும் முடிந்து திரும்பி வர மத்தியானம் இரண்டு மணி.

உள்ளே ஒரு கிழவர் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

வெள்ளைக்காரர். முதுகைக் காட்டிக்கொண்டு, மைதானத்தைப் பார்க்கும் நீள வெட்டுத் துவாரத்துக்கு நேரே குந்தியிருந்தார். வேலியடியில் நின்று அழுகிற கூட்டத்தில் ஒருத்தர், கதவு திறந்திருக்கப் புகுந்துவிட்டார் என்று இருவருமே நினைத்தார்கள். பட்டப்பகல். வேறென்ன நினைப்பது?

"ஸ்கோர் என்ன?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். திரும்பவில்லை.

"ஒருத்தரும் விளையாடேல்லை அங்கிள்," என்றான் கஜீவன், தன் உடைந்த ஆங்கிலத்தில்.

"விளையாடுகிறார்கள்."

துவாரத்தால் பார்த்தார்கள். கிண்டிப்போட்ட சேறும், ஒரு மண்வாரி இயந்திரமும்தான்.

"எனக்குக் கை ஏலாது," என்றார் கிழவர். "மேலே அந்தப் பூச்சியத்தைக் கொளுவ வேண்டும். யாரும் வரவில்லை. எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறேன்."

காத்திருக்கிறேன் என்ற சொல்லைக் கேட்டால் கஜீவனுக்கு மனம் இளகிவிடும். அவன் ஏணியில் ஏறிப் பூச்சியத் தகட்டைக் கொளுவினான். ணங் என்று ஒரு சத்தம். கிழவர் பெருமூச்சு விட்டார். பிறகு இரண்டு மணித்தியாலம் அவர் பாட்டுக்கு இருந்தார். இவர்கள் பாட்டுக்குத் தகடு துடைத்தார்கள். குளிர் மட்டும் எலும்புக்குள் இறங்கிக்கொண்டே போயிற்று.

நாலு மணிக்கு வேலை முடிகிற விசில் ஊதியது. கிழவரை எழுப்பி வெளியே அனுப்பச் சிறிதரனுக்கு மனம் வரவில்லை. அவரைத் தேடி வருகிறவர்கள் வந்து கூட்டிப்போகட்டும் என்று நினைத்தான். வெளிக்கிடும்போது, எந்த வீட்டில் இருந்து வெளிக்கிட்டாலும் போய்விட்டு வருகிறோம் என்று நம்மவர்கள் சொல்வதை, பழக்க தோஷத்தில் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னான்.

"சரி அங்கிள், நாங்கள் போட்டு வாறம்."

வேறு யாராவது என்றால் ஒரு 'பாய்' சொல்லிக் கையைக் காட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

கிழவர் முதல்முறையாகத் திரும்பினார். முகம் சாதாரண முகம்தான். கண்களில் அவ்வளவு நன்றி.

"இருவருமா?"

"ஓம், ரெண்டு பேரும்," என்றான் சிறிதரன். வாழ்க்கையில் ஒருமுறை வாய் திறந்தான். அதுவும் மைத்துனனுக்கும் சேர்த்து.

மறுநாள் காலை பேஸ்போல் கழக உறுப்பினர் மோரீன் வேலையாட்களுக்குக் கேக் கொண்டு வந்திருந்தாள். அறுபது வயதுக்காரி, அந்த மைதானத்திலேயே பிறந்து வளர்ந்தவள் போலப் பேசினாள். நேற்று உள்ளே ஒரு கிழவர் இருந்தார் என்று சிறிதரன் மெல்லச் சொன்னான்.

மோரீன் கேக் வெட்டுவதை நிறுத்தினாள்.

"உள்ளே யாரும் இருக்க முடியாது. லெஸ் செத்த பிறகு என் தகப்பன்தான் கதவுக்கு ஆணி அடித்தார். இருபத்தாறு வருடம்."

நாற்பத்தொரு வருடம் அந்த அறைக்குள் இருந்து எண் தகடு மாற்றியவராம் லெஸ். ஒரு சனிக்கிழமை ஆட்டம் சமமாகி, ஒன்பது இன்னிங்ஸ் தாண்டி இழுத்துக்கொண்டே போனதாம். இந்த விளையாட்டில் சமநிலை என்று ஒன்று கிடையாது. யாராவது வெல்லும் வரை விளையாட வேண்டும். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் தகடு மாறவில்லை. போய்ப் பார்த்தால் கதிரையில் இருந்தபடியே உயிர் போயிருந்தது. ஆட்டத்தை அத்தோடு விட்டுவிட்டார்கள்.

"அவருடைய கதிரையை நானே கொண்டுபோய் எரித்தேன்," என்றாள்.

காலையில் வெறும் தரை கிடந்த இடத்தில்தான் அந்தக் கதிரை இருந்தது என்பது சிறிதரனுக்கு அப்போதுதான் உறைத்தது.

செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு வெளிக்கிடுவதில்லை. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். வந்தமா, இருந்தமா, எழும்பிப் போனமா என்று இருக்க வேண்டும். 'போட்டு வாறம்' என்று அங்கே சொல்லக்கூடாது. அவன் சொல்லியிருக்கிறான். அதுவும் செத்த வீட்டுக்காரனுக்கே சொல்லியிருக்கிறான்.

முரளிதரனிடம் போய், இடுப்பில் நாரிப்பிடிப்பு, ஏணியில் ஏற முடியாது என்று பொய் சொன்னான். இருவருக்கும் கலரிப் பக்கத்தில் ஆசனம் கழற்றுகிற வேலை கிடைத்தது. கஜீவனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது? பைத்தியம் என்று சிரிப்பான். ஓகஸ்டுக்காக நாள் எண்ணிக்கொண்டிருக்கிறவனைப் பயப்படுத்துவானேன்?

"ஸ்கோர்போர்ட் பக்கம் போகாதை," என்று மட்டும் சொன்னான்.

"ஏன் அத்தான்? அந்த மனிசன் வந்து பார்த்துக்கொண்டு இருக்குமே. வாறம் எண்டு சொன்னனாங்கள்."

"போகாதை எண்டா போகாதை."

கஜீவன் மைதானத்தின் மறுகோடியைப் பார்த்தான். "காத்திருக்கிறது எப்பிடி எண்டு உங்களுக்குத் தெரியாது அத்தான்," என்றான்.

மூன்று மணித் தேத்தண்ணி நேரம். சிறிதரன் வானுக்குப் போய்ச் சுடுதண்ணிப் போத்தலை எடுத்துக்கொண்டு திரும்பினான். கஜீவனின் கையுறைகள் ஆசனத்தின் மேல் கிடந்தன.

கஜீவன் இல்லை.

காற்று அசையவில்லை. தூரத்தில் ஒரு சத்தம்.

ணங்.

மறுபடி. ணங்.

ஸ்கோர்போர்ட்டில் ஒவ்வொரு கட்டமாக எண் ஏறிக்கொண்டிருந்தது.

சிறிதரன் போத்தலைப் போட்டுவிட்டு ஓடினான். சேறு காலைப் பிடித்து இழுத்தது. விழுந்தான், எழும்பினான். பெயரைச் சொல்லிக் கத்தினான். அவன் கத்தி அந்த சைட்டில் ஒருத்தரும் கேட்டதில்லை. முரளிதரனும் பின்னால் ஓடிவந்தார்.

கதவு பூட்டியிருந்தது.

ஏழு ஆணிகள். பழைய துரு. தொட்டு இருபத்தாறு வருடம் ஆனவை போல மரத்தோடு மரமாக இறுகியிருந்தன.

"நேத்து நீங்கதானே புடுங்கினீங்க?" என்றார் முரளிதரன்.

அலவாங்கு போட்டு நெம்பினார்கள். உள்ளே நோவெண்ணெய் மணம் முகத்தில் அடித்தது. கஜீவன் ஒரு கதிரையில் இருந்தான். மைதானத்தைப் பார்த்தபடி, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு. இரண்டு உள்ளங்கையிலும் தகட்டின் கரி.

உடம்பு அதற்குள் விறைத்துப் போயிருந்தது.

மாரடைப்பு என்று எழுதினார்கள். கதவு இறுகியிருந்தது என்று எழுதினார்கள். ஆணியைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஆணிகளைப் போட்டிருந்த கஜீவனின் வேலைச் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான் சிறிதரன். வெறுமையாக இருந்தது.

செத்தவீட்டை மிருணாளினியும் பிள்ளையும் யாழ்ப்பாணத்தில் இருந்து போனில் பார்த்தார்கள். படம் இரண்டு தரம் அறுந்தது. தர்சினி அழவில்லை. "நீங்கள் பாத்திருப்பீங்கள் எண்டு நினைச்சனான்," என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் அவனோடு தேவையில்லாமல் பேசுவதில்லை. விசா கையில் இருந்தது. ஓகஸ்ட் ஒன்பதாம் திகதி, போட்ட ரிக்கற்றிலேயே தாயும் மகளும் வந்து இறங்கினார்கள். யாமினிக்குத் தகப்பனின் அதே நெற்றி.

நவம்பரில் மைதானம் புதுப்பித்துத் திறந்தது. வேலை நடக்கும்போது இறந்தவனின் பெயரை ஸ்கோர்போர்ட் கதவின் மேற்பகுதியில் பொறித்திருப்பதாகவும், குடும்பம் வரவேண்டும் என்றும் மோரீன் கடிதம் போட்டிருந்தாள். சிறிதரன் வேண்டாம் என்றான். காரணம் கேட்டாள் தர்சினி. அவன் மறுபடியும் வாயை மூடிக்கொண்டான், எல்லோரும் போவது என்றாயிற்று.

போகத்தான் வேண்டும் என்றால் தானே முந்திக்கொள்வது என்று தீர்மானித்தான். இருவரும் வருகிறோம் என்று சொன்னவன் அவன்தானே. எடுக்கிறது என்றால் தன்னை எடுக்கட்டும், பிள்ளைக்கு ஒன்றும் வராமல் கணக்கு முடியட்டும். ஆட்டம் தொடங்கிச் சனமெல்லாம் கலரியில் ஆரவாரித்துக்கொண்டிருந்த நேரம், கதவைத் திறந்துகொண்டு தனியே உள்ளே போனான். புதுப் பெயின்ற் மணம். கண்ணாடிப் பெட்டிக்குள் தகடுகள். நடுவில் வெறும் தரை.

"நான் வந்திட்டன்," என்றான். "என்னை எடு."

ஒன்றும் நடக்கவில்லை. கால் மணி நேரம் தரையில் குந்தியிருந்து அழுதான். கெஞ்சினான். குளிர்கூட இல்லை. அவனை அந்த இடத்துக்குத் தேவையில்லை. அறைக்கு ஒரு ஆள் போதும். அந்த ஆள் கிடைத்துவிட்டான். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினான். பல மாதத்துக்குப் பிறகு அவனுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

ஆட்டம் முடிந்து கார் நிற்கும் இடத்துக்கு நடந்தபோது யாமினியைக் காணவில்லை.

திரும்பிப் பார்த்தான். கொஞ்சத் தூரம் பின்னால், ஸ்கோர்போர்ட் கதவடியில் நின்றாள். எட்டித் தகப்பனின் பெயரை விரலால் தடவினாள். பிறகு நெற்றியைக் கதவில் வைத்து, போனில் படுக்கப் போகுமுன் சொல்லுகிற குரலில் சொன்னாள்.

"அப்பா, நான் போட்டு வாறன்."

சிறிதரன் ஓடினான். வேண்டாம் பிள்ளை என்று கத்த வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

கதவுக்குப் பின்னால் கதிரை ஒன்று பலகையில் உரசியது.

"ஓமம்மா," என்றது உள்ளிருந்து ஒரு குரல். அன்பான, களைத்த குரல். "கெதியா வா, காத்திருக்கிறன்."

யாமினி திரும்பினாள். முகத்தில் பயம் துளியும் இல்லை.

"மாமா, அப்பா கதைக்கிறார்," என்றாள்.

தகப்பனை முதல்முறை நேரில் கண்ட பிள்ளை போல அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.