ஆலாத் தீடையில் ஒரு சிவப்புக் கட்டை

"வெறும் மணல். ஒரு குருவிகூட இல்லை."

கூட்டத்தில் கம்பனி அதிகாரி யோகலிங்கம் சொன்ன இந்த ஒரு வசனம் துஷ்யந்தியின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. மன்னாருக்கு வடக்கே கடலுக்குள் கிடக்கும் ஆலாத் தீடை என்ற மணல் தீவை அள்ளிக்கொண்டு போகக் கம்பனி அனுமதி கேட்டிருந்தது. ஆலாப் பறவைகள் முட்டையிடுவதால்தான் அந்தப் பெயரே வந்தது. பெயரிலேயே பறவை இருக்க, பறவை இல்லை என்று சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! வருகிற வியாழன் இறுதிக் கூட்டம். அதற்குள் முட்டைகளைப் படம் பிடித்துக் காட்டாவிட்டால் தீடை போனதுதான்.

கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் சிரிக்கச் சொல்லிப் படமெடுத்துப் பிழைப்பவள் துஷ்யந்தி. இப்போது அவள் முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. கடல் வரைபடத்தை மேசையில் விரித்துத் திட்டம் போட உட்கார்ந்தாள். எதிரே மாமன் மகன் றஜீவனும் படகோட்டி டெரன்ஸும்.

"மேற்குப் பக்கமா இறங்குவம் மச்சாள். அங்கதான் கரை பாக்க நல்ல வடிவு," என்றான் றஜீவன்.

"வடிவு பாக்கவோ போறம்? காலமை வெயில் கிழக்கால வரும். நாங்கள் கிழக்க நிண்டாத்தான் முட்டையில வெளிச்சம் விழும்."

"மேற்கில இறங்கவும் ஏலாதக்கா. சோழகக் காத்து அந்தப் பக்கத்தாலதான் அடிக்குது. படகைத் தூக்கிக் கரையில குத்திப்போடும்," என்றான் டெரன்ஸ்.

"அப்ப கிழக்குத்தான். வெயில் ஏறமுன்னம் திரும்பவேணும். தாய்ப்பறவை எழும்பினா முட்டை சூட்டில அவிஞ்சுபோகும்."

அப்போதுதான் றஜீவனின் பை புடைத்திருப்பதைக் கண்டாள். திறந்தால் உள்ளே ட்ரோன்.

"மேலால ஒரே ஒரு படம் மச்சாள்."

"இது இரைஞ்சா அவ்வளவு ஆலாவும் கிளம்பும். பிறகு உனக்கும் யோகலிங்கத்துக்கும் என்ன வித்தியாசம்?" பற்றரியைக் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் விடியலில் கடல் அவர்களைப் பந்தாடியது. அலை ஒவ்வொன்றும் படகுக்குள் குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டியது. டெரன்ஸ் எஞ்சினைப் பிடிக்க, றஜீவன் தண்ணீரை இறைக்க, துஷ்யந்தி பொலித்தீனில் சுற்றிய கமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யோகலிங்கத்தைத் திட்டியபடியே இருந்தாள். ஒருவழியாகக் கிழக்குக் கரையில் குதித்தார்கள்.

மேட்டில் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது கம்பனி அடித்திருந்த அளவுக்கட்டை. சிவப்புச் சாயம், நம்பர், எல்லாம் கச்சிதம்.

அவளுக்குத் தலைக்கேறியது. இரண்டு கைகளாலும் கட்டையைப் பிடித்து ஆட்டினாள். உடனே ஓர் ஆலா கிரீச்சிட்டுப் பாய்ந்து அவள் நெற்றியில் கொத்தியது. குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மணலோடு மணலாகப் புள்ளி போட்ட முட்டைகள். கட்டையை ஒட்டியே ஒன்று நசுங்கி, ஓடு மரத்தோடு காய்ந்து ஒட்டியிருந்தது.

"பாவியள். முட்டைக்கு மேலேயே அடிச்சிருக்கிறாங்கள்."

"பிடுங்கு மச்சாள். கடலுக்குள்ள எறிவம்," என்றான் றஜீவன்.

அவளுக்கும் பிடுங்கத்தான் ஆசை. ஆனால் கட்டையிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"நிக்கட்டும். இது இல்லாட்டி எந்த மணலைப் படமெடுத்தனி எண்டு கேப்பாங்கள்."

பின்வாங்கித் தூரத்தில் குப்புறப் படுத்தாள். ஆலா மறுபடி வந்து முட்டையில் அமரும் முன்பே கட்டையையும் முட்டைகளையும் சேர்த்துப் படமெடுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை கூட்டத்தில், திரையில் அந்தப் படத்தைக் கண்டதும் யோகலிங்கம் சிரித்தார்.

"நான் சொன்னனான்தானே. வெறும் மணலும் எங்கட கட்டையும்."

"உங்கட கட்டைதானே? வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ."

"ஓம், எங்கட நம்பர்தான்."

துஷ்யந்தி படத்தைப் பெரிதாக்கினாள். மணலில் புள்ளிகள் தெரிந்தன. பிறகு முட்டைகள். பிறகு கட்டையில் ஒட்டிய ஓடு. யோகலிங்கத்தின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. தலைமை தாங்கிய மாவட்டச் செயலாளர் அனுமதிக் கோப்பினை மூடினார். தீடைக்கு அனுமதி கிடையாது.

வெளியே றஜீவன் துள்ளிக் குதித்தான். அவளுக்கோ கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் கோபத்தில் கையை நீட்டுவதைவிடக் கையை எடுப்பதுதான் கஷ்டம், அதை ஒருமுறையாவது செய்தோம் என்ற நிம்மதி இருந்தது.

யோகலிங்கம் கிட்டே வந்தார். "கட்டையை நாளைக்கே ஆள்விட்டுப் பிடுங்கிறன் பிள்ளை."

"ஒருத்தரும் அங்க கால் வைக்கக்கூடாது," என்றாள் அவள். "குஞ்சுகள் பறக்கட்டும். பிறகு நானே உங்களைக் கூட்டிக்கொண்டு போறன். நீங்கள்தான் பிடுங்கோணும்."