மருந்து அடித்த வீடு

மருந்து அடித்த வீட்டில் மருந்து வாடையே இல்லை. திண்டுக்கல்லில் இருக்கும் அம்மா வீட்டிலிருந்து திரும்பிய அன்றே ரீனா மோந்து பார்த்தாள். கட்டிலடி, கதவிடுக்கு, வெடிப்பு விட்ட மண்சுவர், எங்கும் ஈரச் சாண நெடியும் மல்பெரி இலையின் பச்சை வாடையும்தான். "காத்துல போயிருக்கும்" என்றான் கணவன் மரியராஜ். கட்டினவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

தெருவில் ஒரு பிள்ளை மூளைக்காய்ச்சலில் செத்ததும் மகள் ரூபியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு ஓடியவள் அவள். மணல் ஈ கடித்து ஏறுகிற வைரஸ் மூளையையே வீங்க வைத்துவிடும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். கொசுவைவிடப் பொடிசு, சத்தம் போடாது, கொசுவலைக் கண்ணுக்குள் புகுந்து வரும், சுவர் வெடிப்பில் குடியிருக்கும். மருந்து அடிக்காமல் வரமாட்டேன் என்று நின்றவளை மரியராஜ்தான் போனில் கூப்பிட்டான். "சுவரு பூராம் அடிச்சாச்சு. பிள்ளையக் கூட்டிட்டுத் தைரியமா வா."

அதை நம்பி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மத்தியானத்திலிருந்து ரூபிக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. பொழுது இறங்க இறங்க, பின்பக்கக் கொட்டகையில் பட்டுப்புழுக்கள் இலை தின்னும் ஓசை ஓட்டின் மேல் தூறல் விழுகிற மாதிரி விடாமல் கேட்டது. ரீனா விளக்கைப் போட்டாள்.

"வேணாம்மா. கண்ணு வலிக்குது."

அணைக்கப் போன கை சுவரில் பட்டது. வெடிப்பு நெடுக, தவிட்டுத் தூள் போல ஒட்டியிருந்தவை தத்தித் தத்தி நகர்ந்தன. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பிள்ளையை வாரிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள்.

அடுத்த வீட்டுப் பேச்சாயி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். "புள்ளைக்கு என்னம்மா?"

"காய்ச்சல்க்கா. மருந்து அடிச்ச வீட்டுல இம்புட்டு ஈ."

பேச்சாயி முகம் மாறியது. "ஒங்க வீட்டுல எங்க அடிச்சாக? மருந்து பட்டா புழு செத்துரும்னு ஒங்க வீட்டுக்காரருதான் அடிக்க வந்தவுகள வாசல்லயே மறிச்சு அனுப்பிட்டாரே."

பாவி. பெற்ற பிள்ளையைப் பொய் சொல்லி வரவழைத்திருக்கிறான், புழுவுக்காக.

ரீனா கொட்டகைக்கு ஓடினாள். சுற்றிலும், எறும்புகூட நுழைய முடியாத நைலான் வலை. உள்ளே மரியராஜ் தட்டுத் தட்டாக இலை பரப்பிக்கொண்டிருந்தான்.

"பிள்ளைக்குக் கழுத்து வளையல. வண்டிய எடுங்க."

"புழு நாலாவது தோலு உரிச்சு இப்பத்தான் எந்திரிச்சிருக்கு. பசி தாங்காது. செத்த நேரம் பொறு, வாரேன்."

"மருந்து அடிச்சாச்சுன்னு சொன்னீங்களே."

அவன் அடுத்த தட்டுக்கு நகர்ந்தான். அவள் வலைக்கதவை இழுத்தாள். அப்போதுதான் வந்தான். வேகமாக வந்தான்.

"உள்ள வராத ரீனா. ஒங்க ரெண்டு பேரு மேலயும் ஈ இருக்கும்."

உள்பக்கமிருந்து முடிச்சுப் போட்டான். மறுபடி இலைக்குத் திரும்பினான்.

ரூபியின் தலை பின்னால் இழுத்தது. விறைத்தது. வாய் கோணியது. கண் மட்டும் திறந்திருந்தது.

ஒரு ஈ வந்தது. சத்தமில்லாமல். இரண்டு சிறகையும் மேலே தூக்கியபடி, கருவிழியின் மேல் உட்கார்ந்தது.

ரூபி இமைக்கவில்லை.