அந்தரத்தில் ஒரு மச்சான்

தயாபரன் வந்து கொண்டிருந்தார்.

கம்பியில் தொங்கியபடி.

"ப்ரேக்! ப்ரேக்!"

மேடையில் நின்ற வழிகாட்டி லஹிரு இரண்டு கைகளையும் ஆட்டினான்.

தயாபரன் கையை உயர்த்தவில்லை. காலை நீட்டவில்லை. தலை மட்டும் ஆடியது... வேண்டாம், வேண்டாம் என்பது போல.

"மச்சான்ர ஸ்டைலைப் பார்!" என்றார் பாலசுந்தரம்.

பேசிக் கொண்டிருக்கும்போதே உடல் மேடையில் மோதியது. லஹிரு பாய்ந்து பிடித்தான். தலைக்கவசத்தை நிமிர்த்தினான்.

வாயோரம் நுரை. திறந்த கண்கள்.

லஹிரு கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தான். விரலை எடுத்தான்.

ரஜனி, தயாபரனின் அக்கா, முதலில் லஹிருவைப் பார்த்தாள். பிறகு தன் கணவன் பாலசுந்தரத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அலறினாள்.

"ஐயோ... என்ர தம்பீ!"

நல்ல அலறல். கொஞ்சம் தாமதம்.

பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் இன்னும் ஒருத்தி நின்றாள். டிலக்ஷி. தயாபரனின் மனைவி. அங்கேயிருந்து இறங்கப் பாதை கிடையாது. புருஷன் செத்தாலும் கம்பியில்தான் வர வேண்டும்.

அந்தப் பக்கத்து வழிகாட்டி கொக்கிகளைப் பூட்டுவது இங்கே வரை கேட்டது. க்ளிக். க்ளிக். இரண்டு பூட்டு. பிறகு அவன் வழக்கமாகப் போடும் சத்தம்.

"ஓகே! நெக்ஸ்ட்!"

காட்டுக்கு மேலே அவள் வந்தாள். புருஷனின் உடலைப் பார்த்தபடியே வந்தாள். சரியான இடத்தில் கையுறையால் கம்பியை அழுத்தினாள். சரியான இடத்தில் நின்றாள்.

"பாத்தீங்களே?" ரஜனி கணவனின் காதில் சொன்னாள். "என்ன வடிவா ப்ரேக் பிடிக்கிறாள்! புருஷன் செத்தவள் மாதிரியோ இருக்கு?"

டிலக்ஷி மேடையில் மண்டியிட்டாள். சத்தம் போடவில்லை. தயாபரனின் வாயைத் தன் சட்டைக் கையால் துடைத்தாள்.

லஹிரு ஒவ்வொருவர் கையிலிருந்தும் கையுறையை உருவிக் கூடைக்குள் போட்டான். அது அங்கே வழக்கம். மேடையை விட்டு இறங்கும்போது கையுறையை வழிகாட்டிதான் கழற்றுவான். விட்டால் கொழும்புச் சனம் வீட்டுக்குக் கொண்டு போய்விடும்.

ரஜனி அலறிக் கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்ததையும் உருவினான்.

அலறல் ஒரு கணம் நின்றது!

யாரும் கவனிக்கவில்லை.

* * *

அவிசாவளைக்கு அப்பால், ஆற்றோரம், அந்தப் பார்க். ஐந்து கம்பிகளில் ஒவ்வொன்றாகத் தொங்கிக் காட்டைக் கடக்க வெள்ளவத்தையிலிருந்து வாடகை வான் பிடித்து வந்திருந்தார்கள். ஏற்பாடு பாலசுந்தரம். மச்சானின் பிறந்த நாளுக்கு அவருடைய பரிசு!

பாலசுந்தரம் காலி வீதியில் பாமசி என்று ஒரு மருந்துக் கடை வைத்திருக்கிறார். இதுவரை ஒருவருக்கும் ஒரு டிஸ்பிரினைக் கூடச் சும்மா கொடுத்ததில்லை.

அதே வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் ஓர் ஒழுங்கை. அதில் ஒரு பழைய வீடு. தாய் தயாபரன் பெயருக்கு எழுதிவிட்டுப் போன வீடு. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட ஆள் காத்திருந்தது. ரஜனியும் காத்திருந்தாள். தயாபரன் மறுத்துவிட்டார்.

டிலக்ஷிக்கு அந்த வீட்டுக் கிணற்றடி பிடிக்குமாம்.

கொட்டாஞ்சேனைக்காரி. வேதக்காரி, அதாவது கிறிஸ்தவள். பதிவுத் திருமணம். ரஜனியும் பாலசுந்தரமும் அதற்குப் போகவில்லை. டிலக்ஷியின் தாய் வீட்டுப் படியை இருவரும் இன்று வரை மிதிக்கவில்லை.

தயாபரன் செத்தால் வீடு மனைவிக்கு.

மனைவியே கொன்றிருந்தால்...?

அக்காவுக்கு!

* * *

பொலிஸ் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். கறுத்த, கனத்த மனிதர். மார்பில் பெயர்ப் பட்டி: பெர்னாண்டோ.

பார்க்கின் சாப்பாட்டு மண்டபத்தில் உடலைக் கிடத்தியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். துணியை விலக்கினார். நெற்றியில் விரல் வைத்தார். உதடு அசைந்தது.

பக்கத்தில் நின்ற டிலக்ஷி அவர் உதட்டைப் பார்த்தாள். பெயர்ப் பட்டியைப் பார்த்தாள்.

தலையைக் குனிந்து கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார். தேநீர் வந்தது.

"மொக்கத வுனே?"

என்ன நடந்தது என்று கேட்டார்.

பாலசுந்தரம் முந்திக் கொண்டார். அவரிடம் அலுவலகங்களில் காரியம் பார்க்கும் கந்தோர்ச் சிங்களம் இருந்தது. வாக்கியத்துக்கு இரண்டு 'சேர்' போட்டுப் பேசும் சிங்களம். மச்சானுக்கு நீரிழிவு, சேர். சீனி இல்லாத இஞ்சித் தேநீர்தான் குடிப்பார், சேர். மனைவி ஊற்றிக் கொண்டு வந்தது, சேர். வேறு ஒருவரும் வாய் வைக்கவில்லை, சேர்.

சொல்லிவிட்டு, கைக்குட்டையில் சுற்றிய ஃப்ளாஸ்க்கை மேசையில் வைத்தார். பூசைத் தட்டைப் போல.

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். டிலக்ஷியைப் பார்த்தார்.

டிலக்ஷிக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். ஆனால் அவள் இன்ஸ்பெக்டருக்குப் பதில் சொல்லவில்லை.

பாலசுந்தரத்தின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணன்... நான் பெல்ட் கட்டப் போன நேரம் ஃப்ளாஸ்க்க நீங்கதானே வச்சிருந்தீங்க?"

தமிழில் கேட்டாள்.

பாலசுந்தரம் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தேநீரை ஊதிக் கொண்டிருந்தார். ஒரு மாட்டின் முகத்தில் இருக்கும் அமைதி அவர் முகத்தில் இருந்தது.

"ஓம். வச்சிருந்தனான். அதுக்கு?"

"அதுல என்னமோ போட்டீங்க."

"மரியாதையாக் கதை," என்றாள் ரஜனி.

"மரியாதையாத்தான் அண்ணி பேசுறேன்."

"அண்ணி எண்டுறதே பிழை! எங்கட பக்கத்தில மச்சாள் எண்டுறது. மூண்டு வருஷமாச் சொல்லித் தாறன். உனக்கு ஏறாது."

"பேசாம இரும், ரஜனி." பாலசுந்தரம் முன்னால் சாய்ந்தார். குரல் இதமாக இருந்தது. முகம் துக்கத்தில் இருந்தது. "இஞ்ச பார், பிள்ளை. ஓம். நான்தான் போட்டனான். இப்ப என்ன செய்யப் போறாய்?"

டிலக்ஷியின் கை மேசை விளிம்பைப் பிடித்தது.

"மொக்கத கியன்னே?" என்றார் இன்ஸ்பெக்டர். என்ன சொல்கிறாள்?

"பாவம் சேர், அழுகிறாள்," என்றார் பாலசுந்தரம் சிங்களத்தில். "ஆறுதல் சொல்கிறேன், சேர்."

"ஆ... ஹொந்தய்." நல்லது என்றார் இன்ஸ்பெக்டர். தேநீரில் பிஸ்கட்டைத் தோய்த்தார்.

"மோட்டு மாடு," என்றாள் ரஜனி தமிழில், இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தபடி. "திண்டு கொண்டே விசாரிக்குது."

இன்ஸ்பெக்டர் இன்னொரு பிஸ்கட் எடுத்தார்.

"என் புருஷன் உங்களுக்கு என்ன அண்ணன் செஞ்சாரு?" டிலக்ஷியின் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. "அத்தான் அத்தான்னு உங்க பின்னாலயே வந்தாரே... உயரம்னா அவருக்குப் பயம். உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் இங்க வந்தாரு!"

"உயரத்துக்குப் பயம் எண்டபடியால்தான் இஞ்ச கொண்டு வந்தது. பயத்தில செத்தான் எண்டாலும் நம்புவாங்கள். இல்லையெண்டா உன்ர ஃப்ளாஸ்க் இருக்கு. ரெண்டு பூட்டு, பிள்ளை! கொக்கி மாதிரி."

"நான் இவர்ட்ட சொல்லுவேன்."

"சொல்லு! உன்ர ஃப்ளாஸ்க். உன்ர டீ. உன்ர கை ரேகை. கொட்டாஞ்சேனைக்காரி வெள்ளவத்தை வீட்டுக்காகப் புருஷனை முடிச்சாள்... பேப்பர்க்காரன் காசு வாங்காமலே போடுவான்."

"நீங்க போட்டது உங்க கடை மருந்துக் குளிசைதானே? அதுல உங்க கை ரேகை இருக்கும்."

"குளிசை கரைஞ்சு உன்ர புருஷன்ர வயித்துக்குள்ள போயிட்டுது."

"அது வந்த அட்டை?"

பாலசுந்தரம் சிரிக்கப் போனார். பாதியில் நின்றார்.

மனைவியைப் பார்த்தார்.

"அட்டையை எறிஞ்சனீர்தானே?"

ரஜனி தேநீர்க் கோப்பையைப் பார்த்தாள்.

"ரஜனி... முதல் கம்பியிலேயே காட்டுக்கை எறியச் சொன்னனான்!"

"எப்பிடி எறியிறது? அந்தப் பெடியன் கையை விட்டா விழுந்திடுவீங்கள் எண்டான். நான் கண்ணையே திறக்கேல்லை!"

"அஞ்சு கம்பியிலுமோ?"

"அஞ்சிலயும்தான்! நீங்கள் மட்டும் திறந்தனீங்களே? 'முருகா முருகா' எண்டு கத்தினது ஆர்?"

"கதையை மாத்தாதையும்! அட்டை எங்க?"

"கையுறைக்குள்ள... பெருவிரலுக்குள்ள செருகினனான்."

"கையுறை எங்க?"

"அவன் உருவிக் கொண்டு போட்டான். அந்தக் கூடைக்கை."

மண்டப வாசலில் கூடை இருந்தது. பக்கத்தில் லஹிரு இருந்தான். கையுறைகளை வெயிலில் காயப் போட ஆயத்தமாகிக் கொண்டிருந்தான்.

பாலசுந்தரத்தின் நெற்றியில் வியர்வை.

"மொக்கத ப்ரஷ்ணே?" என்றார் இன்ஸ்பெக்டர், வாயில் பிஸ்கட்டோடு. என்ன பிரச்சினை?

மூளை வேலை செய்தது. பாமசி மூளை. பாலசுந்தரம் சிங்களத்தில் குழைந்தார். "ஒன்றுமில்லை, சேர். என் மனைவியின் மோதிரம் கையுறைக்குள் போய்விட்டது, சேர். தாலி கட்டிய அன்றைக்குப் போட்ட மோதிரம், சேர். அந்தக் கூடையில் பார்க்கலாமா, சேர்?"

இன்ஸ்பெக்டர் இரக்கத்தோடு தலையசைத்தார். எழுந்தார்.

"நீங்கள் இருங்கள். நான் எடுத்துத் தருகிறேன்," என்றார், சிங்களத்தில்.

"ஐயோ, சேர், உங்களுக்கேன் சிரமம்..."

இன்ஸ்பெக்டர் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டார். லஹிருவிடம் கூடையை வாங்கினார். கைக்குட்டையை விரித்துக் கையில் சுற்றினார். ஒவ்வொரு கையுறையாக எடுத்தார். பெருவிரலை அமுக்கினார். வைத்தார். மற்ற விரல்களைத் தொடவே இல்லை.

பாலசுந்தரத்துக்கு அது அப்போதும் உறைக்கவில்லை.

ஒரு கையுறையில் அவர் கை நின்றது. மெல்ல உருவினார். மடித்த வெள்ளித் தாள் வெயிலில் மின்னியது. காலியான குளிசை அட்டை!

அதைப் பிடித்தபடி மேசைக்கு வந்தார். பாலசுந்தரத்தின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது எந்த விரலுக்குப் போடுற மோதிரம், ஐயா?"

தமிழ்!

சுத்தமான, மெதுவான, நீர்கொழும்புத் தமிழ்.

ரஜனி இப்போது அலறவில்லை. அவளிடம் இருந்த அலறல் எல்லாம் ஏற்கெனவே செலவாகிவிட்டது.

"சேர்... நீங்க... தமிழோ?"

"வீட்டில தமிழ். ஸ்டேஷன்ல சிங்களம்." இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார். "எங்க ஊர்ல பாதிப் பேர் அப்பிடித்தான். நீங்க கேக்கல்ல. நான் சொல்லல்ல."

பாலசுந்தரம் எழுந்தார். மூளை சட்டத்தைத் தேடியது. கண்டுபிடித்தது.

"பொலிசுக்கு முன்னால சொன்னது கோர்ட்டில செல்லாது! எனக்குத் தெரியும்! ஒரு வசனமும் செல்லாது!"

"எனக்கும் தெரியும், ஐயா. அதனாலதான் பிஸ்கட் தின்னேன்." அட்டையை ஒரு பொலித்தீன் பைக்குள் இறக்கினார். "நீங்க பேசினது செல்லாது. நீங்க பேசினதால கிடைச்சது செல்லும். இதில ஆரு ரேகை இருக்குன்னு பாப்பம். உங்க பாமசியில இந்தக் குளிசை இருக்கான்னும் பாப்பம். பிள்ளையோட ரேகை இதில இருக்காது. இருக்குமா?"

பாலசுந்தரம் திரும்பினார். மனைவியைப் பார்த்தார். மூன்று வருஷம் டிலக்ஷியைப் பார்த்த அதே பார்வை.

"கண்ணைத் திறந்திருக்கலாமேயடி!"

"குளிசை போட்ட கை உங்கட! என்னை ஏன் ஏசுறீங்கள்?" ரஜனி இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். "சேர்! எல்லாம் இவர்தான் சேர்! நான் அட்டையை மட்டும்தான்..."

இருபது வருஷத் தாம்பத்தியம். ஒரு வெள்ளித் தாளில் முடிந்தது.

இன்ஸ்பெக்டர் கொன்ஸ்டபிளுக்குக் கண் காட்டினார். பாலசுந்தரத்தின் கையில் விலங்கு ஏறியது.

க்ளிக். க்ளிக்.

இன்ஸ்பெக்டர் ரஜனியைப் பார்த்தார்.

"ஓகே. நெக்ஸ்ட்."

டிலக்ஷி அவர்களைப் பார்க்கவில்லை. உடலருகே போய் உட்கார்ந்திருந்தாள். தயாபரனின் நெற்றி மயிரை ஒதுக்கினாள். தலைக்கவசம் அழுத்திய கோடு இன்னும் அங்கே இருந்தது.

கையை நீட்டியபடியே ரஜனி கத்தினாள்.

"உனக்குத் தெரியும்! இந்தாளுக்குத் தமிழ் தெரியும் எண்டு உனக்கு முதலே தெரியும்! தெரிஞ்சு கொண்டுதான் எங்களைக் கதைக்க வைச்சனி!"

டிலக்ஷி திரும்பினாள். கண் சிவந்திருந்தது. குரல் நிதானமாக இருந்தது.

"என் புருஷனப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் தமிழ்ல 'மாதாவே'ன்னாரு. பக்கத்தில நின்னேன், கேட்டுச்சு. அதுக்கப்புறம் பேரைப் பார்த்தேன்."

"பேரோ? பெர்னாண்டோ எண்டா சிங்களவர்தானே!"

டிலக்ஷி எழுந்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சொல் அவள் வாயில் ஏறியது.

"ஒரு நாளாவது எங்க வீட்டுக்கு வந்து ஒரு டீ குடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும், மச்சாள். எங்கம்மா பேரு மேரி பெர்னாண்டோ!"