குளிர் அறைச் சுவர்

கண்ணாடி உடைந்திருந்தால்கூடத் தேவலை. உடைந்தால் சுவர் அசைகிறது என்று எழுதிவிடலாம். வேர்த்தால் என்னவென்று எழுதுவது?

அடையாற்றங்கரையில் இருந்த அந்தப் பழைய ஐஸ் ஃபேக்டரியின் குளிர் அறைச் சுவரில் மூன்று விரிசல்கள். அவற்றின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டித் தேதி எழுதியவள் இன்ஜினியர் விசாலாக்ஷிதான். சுவர் இம்மி நகர்ந்தாலும் கண்ணாடி தெறித்துவிடும். மூன்று வாரமாக ஒன்றும் தெறிக்கவில்லை. நாளை இந்த அறை, வேலைக்குப் போகும் கரையோரத்துப் பெண்களின் பிள்ளைகளுக்குக் காப்பகமாகிறது. கட்டடம் உறுதி என்ற அவள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

மே மாதத்து மதியம். புதுச் சுண்ணாம்பின் வாடைக்கு அடியில் ஒரு காலத்தில் ஐஸ் கட்டிகளை மூடிவைத்த ஈர உமியின் புளித்த வாடையும், அதற்கும் அடியில் வெகுநேரம் பட்டினி கிடந்த வாயின் வாடையும் அடித்தன. முகத்துக்கு நேரே இருந்த கண்ணாடியைத் துடைத்தாள். விரல் நனையவில்லை. பனி உள்பக்கம் படர்ந்திருந்தது. சுருங்கியது. படர்ந்தது. சுருங்கியது.

சுவருக்கு அப்பால் அறை கிடையாது. மூன்றடிச் செங்கல். பிறகு அடையாறு.

"இன்னாமா, பொண்ணு பாக்க வந்தாப்ல செவுத்தையே பாத்துக்கினு கீற?" சித்தாள் பாஞ்சாலி படிவத்தையும் பேனாவையும் கொண்டு வந்திருந்தாள். பின்னாலேயே அவளுடைய மூன்று வயது ஷீலா.

"வேர்த்திருக்கு, பாஞ்சாலி."

"எனக்குந்தான் வேர்க்குது. அதுக்கு இன்னா பண்றது?" சிரித்தவள் குரலைத் தாழ்த்தினாள். "நாளைலேர்ந்து கிண்டில வேலைமா. இத்த எத்தினி நாளு வூட்ல வெச்சிப் பூட்டிக்கினு போறது? போட்ருமா."

விசாலாக்ஷி பேனாவை வாங்கினாள். இரண்டாவது கண்ணாடி நெஞ்சுயரத்தில். அதுவும் பனித்திருந்தது. மூன்றாவது முழங்கால் உயரத்தில்.

மூச்சு விட அவர்களுக்கு இருந்த வழி அந்த விரிசல்கள்தானோ. அடைத்தது நான்தானோ.

அவர்கள். ஏன் அப்படி நினைத்தேன்?

ஷீலா கடைசிக் கண்ணாடியின் முன் குந்தியிருந்தாள். ஊதினாள். ஆவியில் விரலால் ஒரு வட்டம் போட்டாள். அது மறைந்தது. உள்ளேயிருந்து இன்னொரு வட்டம் வந்தது. அதே அளவு.

குழந்தை சிரித்துக்கொண்டே விரலை அதன் நடுவில் வைத்தாள்.

"எடுத்துடு கண்ணு."

"உட மாட்டேங்குது."

விசாலாக்ஷி அவளைப் பிடித்து இழுத்தாள். வந்துவிட்டாள். விரல் நுனி வெளுத்திருந்தது. ஐஸாகச் சில்லிட்டிருந்தது.

"இன்னாமா ஆச்சி?" பாஞ்சாலி மகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. படிவத்தைத்தான் நீட்டினாள்.

அந்தச் சின்னக் கண்ணாடியில், உள்ளேயிருந்து, ஒரு விரல் நுனி. அதன் பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. இடம் போதாமல் ஒன்றின்மேல் ஒன்றாக. எல்லாம் சின்ன விரல்கள்.

விசாலாக்ஷி பேனாவை மூடினாள்.

"மாட்டேன், பாஞ்சாலி."