இடது வரிசை எழுத்துகள்

"என் புருஷன் என் தம்பியைக் கொன்னாரா இல்லையான்னு எனக்குத் தெரியணும். நாளைக்கு நான் கையெழுத்துப் போடறதுக்குள்ள தெரியணும்."

வந்தவள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டாள். விசில் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டான். உட்கார்ந்ததும் அவள் கைப்பையை மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டாள். அழுது அழுது ஓய்ந்துபோன முகம்.

விசில் என்பது பட்டப்பெயர்தான். பல வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவன். ஒரு நாள் டிரைவரோடு வாய்த்தகராறு முற்றி, வேலையை உதறிவிட்டு மேடத்திடம் வந்து ஒட்டிக்கொண்டான். யார் பேசினாலும் பாதியில் புகுந்துவிடுகிற வாய் அவனுக்கு. மேடம் நேர் எதிர். கோர்ட்டில் சுருக்கெழுத்துக்காரியாக இருந்து, பிறகு இந்தத் துப்பறியும் வேலைக்கு வந்தவர். அடுத்தவர் பேசுவதை ஒரு வார்த்தை சிந்தாமல் வாங்கிக்கொள்கிற காது.

"மெதுவாச் சொல்லும்மா," என்றார் மேடம்.

அவள் ஒரு இரும்புக் குழாய்க் கிடங்கின் மருத்துவ அறையில் கண் பரிசோதகர். கணவன் அதே கிடங்கில் கிரேன் டிரைவர். தம்பி கீழே நின்று கையசைத்துக் கிரேனுக்கு வழி காட்டுகிறவன். போன வாரம் கிரேனில் தொங்கிய குழாய்க் கட்டு தம்பியைப் பின்னாலிருந்த குழாய் அடுக்கோடு சேர்த்து நசுக்கிவிட்டது.

"அவரு என்ன சொல்றாரு?"

"கட்டுக்கும் தம்பிக்கும் நடுவுல நிறைய இடம் இருந்த மாதிரிதான் தெரிஞ்சுதுங்கறாரு. யாரு நம்புவா? அதுக்கு முந்தின வாரம்தான் வீட்ல ரெண்டு பேருக்கும் கைகலப்பு. 'நீ மட்டும் மேல, நான் கீழயே கிடந்து சாகணுமா'ன்னு தம்பி கேட்டான். 'ஒரு நாள் நசுங்கித்தாண்டா சாகப் போற'ன்னு இவரு கத்தினாரு. அம்மா முன்னாடியே கத்தினாரு மேடம்."

"ஐயையோ, அப்ப சந்தேகமே வேண்டாமே!" என்று விசில் வாயை விட்டான். மேடம் திரும்பிப் பார்த்த பார்வையில் கப்சிப்.

"கையெழுத்து எதுக்கு?"

"இவருக்குத் தூரம் சரியாத் தெரியாம போயிருக்குமான்னு போலீஸ் கேக்குது. அதைச் சொல்ல வேண்டியது நான்தான். வேலைக்கு வந்தப்ப இவரை டெஸ்ட் பண்ணினதே நான்தானே. அந்த ரூம்லதான் இவரை முதன்முதலாப் பாத்தேன். சுத்தமாப் பாஸ். அப்படின்னா பாத்துக்கிட்டேதான செஞ்சிருக்கணும்?" அவள் குரல் உடைந்தது. "இல்லைன்னு யாராவது சொல்ல மாட்டாங்களான்னுதான் வந்தேன்."

கைப்பையிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்து மேசைமேல் வைத்தாள். வட்ட ஃபிரேம், பழசு. வலது பக்கத் திருகு மட்டும் பளபளவென்று இருந்தது.

"சில பேருக்கு ஒவ்வொரு கண்ணும் தனியா நல்லா இருக்கும். ஆனா ரெண்டும் சேர்ந்து வேலை செய்யாது. மூளை ஒரு கண்ணைக் கண்டுக்காம விட்டுடும். அந்த ஆளுக்கே தெரியாது. எது பக்கம், எது தூரம்னு சட்டுன்னு பிடிபடாது, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்கத்தான் இது. எங்க ரூம்ல ஒரு விளக்குப் பலகை இருக்கு, அதுல ரெண்டு வரிசை எழுத்து. இடது வரிசையோட வெளிச்சம் நெட்டுவாக்குல வரும், வலது வரிசையோடது குறுக்குவாக்குல. இந்தக் கண்ணாடி போலராய்டு. இடது லென்ஸ் நெட்டு வெளிச்சத்தை மட்டும் விடும், வலது லென்ஸ் குறுக்கு வெளிச்சத்தை மட்டும். அதனால இடது கண்ணுக்கு இடது வரிசைதான், வலது கண்ணுக்கு வலது வரிசைதான். ரெண்டையும் படிச்சா ரெண்டு கண்ணும் ஒத்துமையா இருக்குன்னு அர்த்தம்."

விசில் அதற்குள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக் கோழி மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தான். "மேடம், தலையைச் சாய்ச்சா இடது பக்கம் திரையே கறுத்துப் போகுது!"

"போலராய்டுன்னா அப்படித்தாங்க," என்றாள் அவள் சோர்வாக.

"ஃபெயில் ஆனவங்க உண்டா?" மேடம் கேட்டார்.

"ஏன் இல்லாம? என் தம்பியே ஃபெயில்தான். அவனும் டிரைவர் வேலைக்குத்தான் வந்தான். வலது வரிசை அவனுக்குத் தெரியல. கூடப் பொறந்தவன்னு பாத்தா முடியுமா? கீழதான் நிக்கணும்னுட்டேன். அதுலேருந்துதான் இவர்மேல அவனுக்குப் புகைச்சல்."

"மத்தவங்களுக்கு?"

"அவங்களுக்கும் வலதுதான். எங்க ரூம்ல ஃபெயில் ஆன அத்தனை பேருக்கும் வலது வரிசைதான் போகும். என்னவோ அப்படி அமைஞ்சுது."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "டெஸ்ட் பண்றப்ப ஒரு கண்ணை மூடிப் பாக்கச் சொல்வீங்களா?"

"அதைத்தான் செய்யவே கூடாது! 'ரெண்டு கண்ணையும் திறந்து வைங்க', வர்றவங்க எல்லார்கிட்டயும் இதைத்தான் முதல்ல சொல்வேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்."

மேடம் கண்ணாடியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

மதியம் மேடமும் விசிலும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். அங்கே காவலில் இருந்த கிரேன் டிரைவர் தோள் அகன்ற ஆள். ஒரு வாரத்தில் பாதியாகிப் போயிருந்தான். பேச ஆரம்பிக்குமுன் மேடத்துக்குத் தண்ணீர் ஊற்றினான். இடது கை விரலால் தம்ளரின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு, அந்த விரலுக்குப் பக்கத்திலேயே ஜாடியைக் கொண்டுபோய் ஊற்றினான். இதை ஏன் மேடம் இப்படி உற்றுப் பார்க்கிறார் என்று விசிலுக்கு விளங்கவில்லை.

"அன்னைக்கு வானிலை எப்படி?"

"ஒரே மூட்டம். மூட்டமா இருந்தா எனக்குக் கிரேன் ஏறவே பிடிக்காதுங்க. வெயில் இருந்தாத் தரையில கட்டோட நிழல் விழும். நிழல் நகர்றதைப் பாத்து இறக்கிடுவேன். எல்லா டிரைவரும் அப்படித்தானே?"

மேடம் அதைக் குறித்துக்கொண்டார். "வேணும்னே செஞ்சீங்களா?"

"தெரியலைங்க. மச்சினன்மேல கோபம் இருந்தது நிஜம். ஆனா அன்னைக்குக் காலையில ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் டீ குடிச்சோம். இடம் இருக்குன்னுதான் நெனச்சேன். ஆனா என் கண்ணு நல்லா இருக்குன்னு என் சம்சாரம் சொல்றா. அவ டெஸ்ட் தப்பாகாது. கண்ணு நல்லா இருக்குன்னா மனசுதான் கெட்டிருக்கணும். எனக்கே தெரியாம நான் கொலைகாரனா இருந்திருக்கேன் போல."

விசில் பேச்சை மாற்ற வேண்டுமே என்று, "அந்தப் பலகையில என்ன எழுத்து இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டு வைத்தான்.

அந்த ஒரு நிமிடம் கிரேன் டிரைவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "மறக்குமா? இடது பக்கம் ம, ப, ட. வலது பக்கம் க, ல, ச. படிச்சு முடிச்சதும் 'பாஸ்'னு சொல்லி அவ சிரிச்சா."

வெளியே வந்ததும் விசில் புலம்பினான். "மேடம், ஆள் நல்லவனாத் தெரியறான். ஆனா கணக்கு உதைக்குதே. ரெண்டு வரிசையும் படிச்சிருக்கான்!"

"செல்போன் ரிப்பேர் கடைக்குப் போங்க விசில். திரைமேல ஒட்டற போலராய்டு ஷீட் வெச்சிருப்பாங்க, ஒரு துண்டு வாங்கிட்டு வாங்க. நான் அந்தப் பொண்ணுகிட்டப் பேசி, பலகையில இடது வரிசையை மட்டும் மாத்தி வைக்கச் சொல்றேன்." மேடத்தின் குரலில் வழக்கமான தெம்பு இல்லை. "இந்தக் கேஸை எடுக்காமலே இருந்திருக்கலாம்."

மாலையில் கிடங்கின் மருத்துவ அறையில் எல்லாரும் கூடினார்கள். ஜன்னலுக்கு அப்பால் கிரேன்கள் ஓடிக்கொண்டிருந்தன. இன்ஸ்பெக்டர் கிரேன் டிரைவரைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். அவன் மனைவி எதிர்ச்சுவர் ஓரமாக நின்றாள். கணவன் முகத்தை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. விளக்குப் பலகை இன்னும் எரியவில்லை.

மேடம் அந்தக் கண்ணாடியை எடுத்து அவளிடம் நீட்டினார். "அந்தக் கம்ப்யூட்டர் திரை முன்னாடி இதைப் பிடிச்சு மெதுவாத் திருப்பும்மா. முதல்ல இடது லென்ஸ் வழியாப் பாரு."

திருப்பினாள். "கறுத்துப் போகுது."

"இப்ப வலது."

திருப்பினாள். முழுச் சுற்றும் திருப்பினாள். திரை அப்படியேதான் தெரிந்தது. மறுபடியும் திருப்பினாள்.

"வலது பக்கத் திருகு மட்டும் புதுசு," என்றார் மேடம். "எப்ப மாத்தினது?"

"நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல... கீழ விழுந்து வலது லென்ஸ் விரிசல் விட்டுடுச்சு. கண்ணாடிக் கடையில கொடுத்தேன். அதே கறுப்பு, அதே அளவுல போட்டுக் கொடுத்தாங்க."

"சாதா வெயில் கண்ணாடி லென்ஸ். பாக்க ரெண்டும் ஒண்ணுதான். எப்படிச் சரிபாத்தே?"

"போட்டுக்கிட்டுப் பலகையைப் பாத்தேன். ரெண்டு வரிசையும் தெரிஞ்சுது."

"ரெண்டு கண்ணையும் திறந்து வெச்சுப் பாத்தே. ஒரு கண்ணை மூடியிருந்தா, வலது கண்ணு ஒண்ணே ரெண்டு வரிசையையும் பாக்குறது அப்பவே தெரிஞ்சிருக்கும். உன் தொழில்ல கண்ணை மூடறது தப்பு. அந்தப் பழக்கம் காலை வாரிடுச்சு." மேடம் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "வலது கண்ணு வேலை செய்யாதவன் இந்தக் கண்ணாடியில ஃபெயில் ஆவான். இடது லென்ஸ் அசல் போலராய்டு, இடது வரிசையை மட்டும்தான் காட்டும். இந்தப் பொண்ணோட தம்பி அப்படி. ஆனா இடது கண்ணு வேலை செய்யாதவன் வலது கண்ணாலயே எல்லாத்தையும் படிச்சுட்டுப் பாஸ் ஆயிடுவான். ஃபெயில் ஆன எல்லாருக்கும் வலதே போச்சுன்னு இவ சொன்னப்பவே எனக்கு உறுத்துச்சு. இடது கண்ணுக்காரங்க எல்லாம் எங்க போனாங்க? பாஸாகி மேல போயிட்டாங்க."

"தம்ளரைத் தொட்டுக்கிட்டே தண்ணி ஊத்தினாரே..." விசில் முணுமுணுத்தான்.

"ஆமா. தொட்டாத்தான், இல்ல நிழல் விழுந்தாத்தான் இவருக்குத் தூரம் பிடிபடும்; அன்னைக்கு மூட்டம், நிழலே இல்ல. இவரு பொய் சொல்லல, மச்சினனைக் கொல்லவும் இல்ல. இப்ப வலது பக்கம் அசல் ஷீட்டை வெட்டி ஒட்டிடலாம். இடது வரிசை இவருக்குத் தெரியலைன்னா விஷயம் முடிஞ்சுது."

ஷீட்டை எந்த வாக்கில் ஒட்டுவது என்று திரைமுன் பிடித்துப் பார்த்து மேடமே சரிசெய்தார். கிரேன் டிரைவர் இதையெல்லாம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். விடுதலை கிடைக்கப் போகிறவனின் முகமா அது? அவன் பார்வை மனைவியைவிட்டு நகரவில்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் என்ன நினைக்கிறான் என்பது விசிலுக்குப் புரிந்தது. தான் தப்பிக்க வேண்டுமானால் அவள் மாட்ட வேண்டும் என்பதை அந்த மனிதன் கண்டுகொண்டான்.

அவள்தான் கண்ணாடியை மாட்டிவிட்டாள். பலகை எரிந்தது.

"ரெண்டு கண்ணையும் திறந்து வைங்க," என்றாள். பழக்கதோஷம், தானாக வந்துவிட்டது.

"வலது பக்கம் க, ல, ச," என்று படித்தான். நிறுத்தினான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "இடது பக்கமும் தெரியுது. நல்லாவே தெரியுது. ம, ப, ட."

பலகையின் இடது பக்கம் ந, வ, ற என்று பளிச்சென எரிந்துகொண்டிருந்தது. மதியம் தன் கையாலேயே மாற்றி வைத்தவள் அவள்.

அவள் அவன் பக்கம் குனிந்தாள்.

"இன்னொரு தரம் சொல்லுங்க," என்றாள் அவள்.

"ம, ப, ட! அதான் தெரியுதுங்கறேனே! இன்ஸ்பெக்டர் சார், என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. அவ டெஸ்ட்ல தப்பே இல்ல. நான் பாத்துக்கிட்டுத்தான் செஞ்சேன். எழுதிக்கோங்க சார்!"

இன்ஸ்பெக்டர் பலகையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், எதையும் எழுதவில்லை. மேடம் மட்டும் மெல்லச் சொன்னார். "இடது வரிசையை இன்னைக்கு மாத்திட்டோம்ப்பா. நீ சொன்னது பழைய எழுத்து."

அவன் கண்ணாடியைக் கழற்றாமலே இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். "உங்ககிட்ட யாரு கேட்டா?" என்று மேடத்தின்மேல் சீறினான். "என்னை வெறுத்துட்டு அவ பொழைச்சுக்குவா. இனிமே அவ எப்படிப் பொழைப்பா?"

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மேல ஓட்டுறவங்களை நிறுத்தச் சொல்லுங்க," என்றாள் அவள் இன்ஸ்பெக்டரிடம். "எல்லாரும் நான் பாஸ் போட்டவங்கதான். அதுல எத்தனை பேர் இவரு மாதிரின்னு தெரியாது." அவர் அறைப் போனிலேயே கிடங்கு மேலாளரை அழைத்தார். தலைமை அலுவலக உத்தரவு இல்லாமல் ஒரு கிரேனையும் நிறுத்த முடியாது, காலையில் பார்க்கலாம் என்று மேலாளர் சொன்னது ரிசீவருக்கு வெளியே எல்லாருக்கும் கேட்டது. விசில் ஜன்னலருகே போய்க் கையை ஆட்டி, "நிறுத்துங்கய்யா!" என்று அடித்தொண்டையில் கத்தினான். இரும்புச் சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. கீழே கைகாட்டுகிற ஒருவன் இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, தலைக்குமேல் வருகிற குழாய்க் கட்டை நிமிர்ந்து பார்த்தபடி நின்றிருந்தான்.

இன்ஸ்பெக்டர் எழுதி நீட்டிய வாக்குமூலத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். பரிசோதனை தவறு, தவறு தன்னுடையது என்று அதில் இருந்தது. பிறகு கணவன் முன்னால் மண்டியிட்டு, அவன் கையை விலக்கி, கண்ணாடியைக் கழற்றினாள்.

"கொலைகாரன்னு நெனச்சுட்டேங்க உங்களை," என்றாள். "ஒரு வாரமா அப்படித்தான் நெனச்சேன். என்னைப் பாருங்க."

அவன் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டிருந்தான்.

"திறங்க," என்றாள். "ரெண்டு கண்ணையும் திறந்து வைங்க."

அவன் திறக்கவில்லை. மேடம் விசிலின் தோளைத் தொட்டார். இருவரும் அறைக்கு வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள்.