அரை இஞ்சு ஸ்பேனர்

பெரணமல்லூரில் சுதாகர் தன் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையைத் திறந்தபோது மணி மூன்றரை. மழைக்கு முந்தைய புழுக்கம். உள்ளே இருட்டோடு இருட்டாக நின்றிருந்தது எழுபது வருடப் பழைய கறுப்பு மோரிஸ் கார். பழைய கிரீஸும் எலிப்புழுக்கையும் ஈரமண்ணும் கலந்த வாடையில் சக்ரேஸ்வரிக்குத் தொண்டை கமறியது.

அவள் கணவர் அனந்தகுமாருக்கு அது எதுவும் உறைக்கவில்லை. ஆரணியில் மருந்துக்கடை நடத்துகிற மனிதர். இப்படி ஒரு கார் வாங்கி ஓட்ட வேண்டும் என்பது அவருடைய இருபது வருட ஆசை.

சுதாகர் டிக்கியைத் திறந்தான். உள்ளே ஒரு மரப்பெட்டி. திருகு ஜாக், ஸ்பேனர்கள், பிளக்குகள், ஃபேன் பெல்ட், கிளாம்புகள். ஒவ்வொன்றும் எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்தது. எதிலும் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"பழைய வண்டிங்க. இதுங்க இல்லாம ரோட்ல எறங்காதீங்க. எல்லாம் வேலு அண்ணன் சேத்து வெச்சது. இந்த வண்டிக்கு அவருதான் மெக்கானிக்கு."

"இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டாள் சக்ரேஸ்வரி.

"இல்லீங்க," என்றவன், பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டான்.

பொழுது சாய்வதற்குள் வீடு சேர்ந்து சாப்பிட்டாக வேண்டும். அவர்கள் சமணர்கள்; விளக்கு வைத்த பிறகு சாப்பிடுவதில்லை. "ஜல்தியா போலாங்க," என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். எட்டு கிலோமீட்டர் தாண்டியிருப்பார்கள். காருக்கு அடியில் இரும்பு உரசும் சத்தம். சைலன்சர் குழாய் கழன்று ரோட்டில் இழுபட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு பக்கமும் வேர்க்கடலைக் கொல்லை. ஆள் நடமாட்டமே இல்லை. நாலரை மணிக்கே வானம் கன்னங்கரேலென்று இறங்கியிருந்தது.

அனந்தகுமார் பக்கவாட்டில் ஜாக் வைத்துக் காரைத் தூக்கினார். முன்பக்கமாகப் போய், கோணிப்பையை விரித்து மல்லாக்கப் படுத்து உள்ளே நகர்ந்தார். "சக்ரா, ஜாக் கிட்டயே நில்லு. கேக்கறத எடுத்துக் குடு."

அவள் பெட்டியைத் தூக்கிவந்து ஜாக் பக்கத்தில் வைத்துத் திறந்தாள். சைலன்சர் குழாயைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்பும் அரை இஞ்சு ஸ்பேனரும் துணி பிரித்து மேலாகவே கிடந்தன. அவர்தான் எடுத்து வைத்திருக்கிறார் என்று நினைத்தாள்.

தூறல் விழுந்தது. ஜாக்குக்குப் பக்கத்தில், காருக்கு அடியிலிருந்து கிரீஸ் படிந்த கை ஒன்று நீண்டது.

"கிளாம்பு. அரை இஞ்சு."

தொண்டையில் மண் அடைத்தது போன்ற குரல். இரண்டையும் அந்த உள்ளங்கையில் வைத்தாள். விரல்கள் சில்லென்று பட்டன. மழைத்தண்ணி என்று நினைத்துக்கொண்டாள்.

கை உள்ளே போனது. மரை முறுக்கும் சத்தம் கேட்டது.

"சக்ரா! அரை இஞ்சு ஸ்பேனர் கேட்டு எவ்ளோ நேரமாவுது? காதுல விழல?"

அது அனந்தகுமாரின் குரல். முன்பக்கத்திலிருந்து வந்தது.

அவள் திரும்பினாள். பம்பருக்குக் கீழே அவர் கால்கள் தெரிந்தன. கை நீண்ட இடத்துக்கும் அந்தக் கால்களுக்கும் ஒரு ஆள் நீளத்துக்கு மேல் தூரம்.

"இப்பதான குடுத்தேன்..."

"யார்கிட்ட குடுத்த?"

மரை முறுக்கும் சத்தம் நின்றது. அவள் காலடியில் அந்தக் குரல் மெல்லக் கேட்டது.

"முடிஞ்சுது. ஜாக்க எறக்குங்க."

சொன்னதைச் செய்து பழகிய கை தானாகப் பிடியைத் தொட்டது. அரைச் சுற்று திருப்பியும் விட்டது. அதற்குப் பிறகுதான் உறைத்தது.

எறக்குங்க.

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அனந்தகுமார் அவளை ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

வெடுக்கென்று கையை எடுத்தாள்.

பிடி சுற்றிக்கொண்டே இருந்தது.

ஓடிப்போய் அவருடைய இரண்டு கணுக்கால்களையும் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் திரட்டி இழுத்தாள். "ஏய், இன்னா பண்ற..." என்று அவர் கத்தினார். தலை பம்பரைத் தாண்டியதும் ஜாக் சாய்ந்தது. கார் தொப்பென்று இறங்கியது. சேறு இருவர் முகத்திலும் அடித்தது.

காரை அப்படியே விட்டுவிட்டு பஸ் பிடித்து வீடு வந்தார்கள். அன்று இருவரும் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் காரைக் கட்டி இழுத்துவந்த டிரைவர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "சைலன்சர்ல புது கிளாம்பு போட்டு டைட்டா முறுக்கிருக்கே, சார். சுத்தமான வேலை."

சக்ரேஸ்வரி சுதாகருக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். அவன் சொன்னான்: "வேலு அண்ணன் வண்டிக்கு அடியில இருக்கும்போதே எங்கப்பா ஜாக்க எறக்கிட்டாரும்மா. அவரு வெளிய வந்துட்டாருன்னு நெனச்சிட்டாரு."

அந்த வாரமே காரை, பெட்டியோடு, சேத்துப்பட்டு தென்னரசுவுக்குக் கொடுத்துவிட்டார்கள். கல்யாணப் போட்டோக்களுக்குப் பழைய கார் வாடகைக்கு விடுகிறவன். "நடந்தத சொல்லிடலாங்க," என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். "சொன்னா எவன் வாங்குவான்?" என்று அனந்தகுமார் வாயை அடைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து, ஒரு மத்தியானம் தென்னரசு கூப்பிட்டான். குரலில் ஒரே குஷி.

"வண்டி பட்டு மாதிரி ஓடுதும்மா. ஒண்ணு மட்டும் கேக்கணும். நீங்க வண்டியோட அனுப்புன மெக்கானிக்கு மூணு நாளா வண்டி எங்க நின்னாலும் அடியிலயே படுத்துகினு இருக்காரு. சாப்பாடு வெச்சா தொட மாட்டேன்றாரு. அவர எப்பம்மா திருப்பி அனுப்பணும்?"