நாலாவது கவுன்

"மிஷின எப்ப ஏத்துறது அத்த? லோடு வண்டிக்காரன் எட்டு மணிக்கு வந்துருவான்."

அடுக்களையிலிருந்து மருமகள் நாகஜோதி கேட்பது இது மூன்றாவது தடவை. தங்கமாரி தலை நிமிரவில்லை. கடைசிக் கவுனின் இடுப்புச் சுருக்கு இன்னும் அரை முழம் பாக்கி.

"இந்தா ஆச்சு தாயி… இந்த ஒரு ஓட்டு ஓட்டிட்டா தூக்கிரலாம்."

"நாலு நாளா இதத்தான் சொல்றீக. மத்தியானத்துக்குள்ள வீட்டுக்காரவுகளுக்குச் சாவி குடுக்கணும்."

மகன் செல்வக்குமாருக்கு மதுரையில் வேலை மாறியிருந்தது. அங்கே பார்த்திருப்பது இரண்டு அறை வீடு. தங்கமாரியின் ட்ரங்குப் பெட்டிக்கு அதில் இடமில்லை என்று மருமகள் முதலிலேயே சொல்லிவிட்டாள். அருப்புக்கோட்டையில் இருபத்தாறு வருடம் மிஷின் மிதித்துச் சேர்ந்த துணி அது. விசேஷ வீடுகளில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணிகள், மலிவாகக் கிடைத்தபோது வாங்கிப்போட்ட வாயில் துணி, சீட்டித் துணிகள். தூக்கிப்போட மனம் வரவில்லை. அப்போதுதான் ஜோதி செல்போனில் ஒரு படம் காட்டினாள். அந்தக் காலத்துச் சினிமாவில் வருகிற மாதிரிக் கவுன். பலூன் கை, இடுப்பில் சுருக்கு, கணுக்கால் வரைக்கும் தொங்கும் பாவாடை.

"இப்ப எல்லாரும் பழைய மாடலுதான் போடுறாக. வயிறு பெருசாகுறப்ப எனக்கும் இதான் வசதி" என்றாள்.

ஜோதிக்கு ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இந்தப் பிள்ளையாவது நல்லபடியாகப் பிறக்க வேண்டும், அதைத் தன் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும். மதுரைக்குப் போவதில் தங்கமாரிக்கு வேறு ஆசை கிடையாது.

மூன்று கவுன் பூப்போட்ட வாயில் துணியில் முடிந்துவிட்டது. நாலாவது, புதுவீட்டில் பால் காய்ச்சும்போது ஜோதி உடுத்த. அதற்கு நல்ல துணி வேண்டும். பெட்டியில் நல்ல துணி ஒன்றுதான் இருந்தது. அரக்கு நிறத்தில் மஞ்சள் கரை போட்ட அவளுடைய கல்யாணப் பட்டு. புருசன் முத்துராஜ் இரண்டு வருடம் தறி ஓட்டிய காசில் எடுத்தது. அவர் போய் மூன்று வருடமாகிறது. இனி அவள் அதைக் கட்டப் போவதுமில்லை, செத்தால் அவள் மேல் யாரும் அதைப் போர்த்தப் போவதுமில்லை. மடித்து அளவு பார்த்துக் கத்திரியை வைத்தாள். வெட்டு நேராகத்தான் விழுந்தது. பால் காய்ச்சுகிற அன்றைக்கு ஜோதியிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

தைத்து முடித்து நூலைக் கடித்து அறுத்தாள். "போட்டுப் பாரு ஜோதி."

ஜோதி போட்டுக்கொண்டு வந்தாள். அளவு அச்சடித்த மாதிரி இருந்தது. கையைத் தூக்கிப் பார்த்தாள். சிரித்தாள். பாவாடையைச் சுழற்றிக் குனிந்து பார்த்தவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது.

"இது எந்தத் துணி?"

"நல்ல துணிதான் தாயி…"

"எந்தத் துணின்னு கேக்கேன். மாமா கருமாதியில ஒங்க அண்ணன் ஒங்க மேல போட்ட கோடி இதே அரக்குதான? இதே மஞ்சக் கரைதான? பக்கத்துல நின்னு பாத்தவ நான்."

புருசனை இழந்தவள் மேல் பிறந்த வீட்டாரும் சொந்தக்காரர்களும் கொண்டுவந்து போர்த்துகிற புதுச்சேலைதான் கோடி. தங்கமாரிக்குப் பதினொன்று விழுந்தன. ஒன்றைக்கூட அவள் கட்டியதில்லை. 'அந்தச் சனியனப் புதுவீட்டுக்குக் கொண்டாந்துராதீக' என்று போன வாரம் ஜோதி சொன்னதும், எல்லாவற்றையும் மூட்டை கட்டி, அடுத்த தெருவில் தையல்கடை வைத்திருக்கும் இன்பராணியிடம் கொடுத்து, முதியோர் இல்லத்துக்குச் சேர்க்கச் சொல்லிவிட்டாள்.

"கோடியெல்லாம் இன்பராணிட்ட குடுத்துட்டேன் ஜோதி. இது எங் கல்யாணச் சேல…"

"கல்யாணச் சேலைய எவளாச்சும் வெட்டுவாளா? பொய்யயாச்சும் பொருத்தமாச் சொல்லுங்க." ஜோதியின் குரல் உடைந்தது. "ரெண்டு போச்சு… இதும் போகணுமா ஒங்களுக்கு? செத்த வீட்டுத் துணிய என் வயித்துல சுத்தி விட்டுருக்கீகளே…"

சத்தம் கேட்டுச் செல்வக்குமார் உள்ளே வந்தான். மனைவி அழுவதைப் பார்த்தான். கவுனைப் பார்த்தான்.

"ஏம்மா இப்பிடிப் பண்ணுன?"

பண்ணினாயா என்று அவன் கேட்கவில்லை. தங்கமாரி தரையில் கிடந்த கத்திரியை எடுத்துவைத்தாள்.

ஜோதி அறைக்குள் போய் நைட்டிக்கு மாறி வந்தாள். கவுனைச் சுருட்டிக்கொண்டுபோய்க் கொல்லையில் வெந்நீர் அடுப்புக்குள் திணித்தாள். முடி கருகுகிற வாடை வந்தது. பட்டு எரிந்தால் அப்படித்தான் நாறும். அந்த வீட்டில் அது தங்கமாரிக்கு மட்டும்தான் தெரியும். அவள் மிஷினின் வாரைக் கழற்றிச் சுற்றிவைத்தாள்.

லோடு வண்டி வந்தது. கட்டில், பீரோ, பாத்திர மூட்டை, கடைசியாக மிஷின். டிரைவர் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தபோது இன்பராணி இட்லிப் பொட்டலத்தோடு தெருவில் வந்தாள். அரக்குச் சேலை, மஞ்சள் கரை.

"என்ன மாரி, பேயக் கண்ட மாதிரிப் பாக்க? நீ குடுத்த மூட்டையில இது ஒண்ண மட்டும் நான் வச்சுக்கிட்டேன். பத்துதான் இல்லத்துக்குப் போச்சு. கோடி கீடியெல்லாம் எங்க வீட்ல பாக்குறதில்ல. நல்ல சேல, கெழவிகளுக்கு என்னத்துக்கு? வையாத."

செல்வக்குமார் கயிற்றைப் பிடித்தபடியே நின்றான். ஜோதி அந்தக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிலையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"அத்த… அப்ப அது…"

"ஆமா தாயி."

"வெட்டிட்டீகளே… எனக்கா வெட்டுனீக?"

எழுந்து வந்து காலில் விழப்போனவளைத் தங்கமாரி தாங்கிப் பிடித்தாள். "குனியாத. வயித்துப்புள்ளக்காரி குனியக்கூடாது." ஜோதி அவள் தோளில் முகத்தை வைத்து விம்மினாள். அவ்வளவு நேரம் வராத அழுகை தங்கமாரிக்கும் அப்போதுதான் வந்தது. எதற்கென்று புரியாமல் இன்பராணியும் மூக்கைச் சிந்தினாள்.

"தெரியாமப் பேசிட்டோம்மா," என்றான் செல்வக்குமார். "ஏறும்மா வண்டியில."

தங்கமாரி ஏறவில்லை. மருமகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"ஒண்ணு கேக்கேன் ஜோதி. மறைக்காமச் சொல்லு. கல்யாணச் சேலங்கவும் நான் தப்பிச்சேன். நாளப்பின்ன அந்தப் புள்ளைக்கு ஒரு காச்சல் வந்தா, மொதல்ல எங் கையத்தான பாப்ப?"

ஜோதி இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய் வரவில்லை. கை தன்னால் வயிற்றுக்குப் போனது. செல்வக்குமார் வண்டியின் டயரைப் பார்த்தான்.

"ஒம்மேல தப்பில்ல. ரெண்டப் பறிகுடுத்தவ நீ. ஆனா எங் கையப் பாத்து நானே பயந்துக்கிட்டு, ஒரு வீட்ல என்னால இருக்க ஏலாது." மகன் பக்கம் திரும்பினாள். "மிஷின எறக்குப்பா."

"எங்கம்மா இருப்ப?"

"எங் கடையில ஒரு மூல கெடக்கு," என்றாள் இன்பராணி. "நான் என்ன அந்நியமா?"

வேண்டாம் என்று செல்வக்குமார் இரண்டு முறை சொன்னான். மூன்றாம் முறை சொல்லவில்லை. அவிழ்த்த கயிற்றை மறுபடி கட்டும்போது டிரைவர் முணுமுணுத்தான்.

"புள்ள பொறந்ததும் வரணும் அத்த."

"சொல்லி விடு தாயி."

மற்ற மூன்று கவுன்களையும் ஜோதி தன் பையில் வைத்துக்கொண்டாள். போடுவாளா என்று தங்கமாரி கேட்கவில்லை. வண்டி தெருமுக்குத் திரும்பி மறைந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லி இன்பராணியை முன்னால் அனுப்பிவிட்டுத் தங்கமாரி உள்ளே போனாள்.

வீட்டைப் பெருக்கித்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். பழைய விளக்குமாற்றைப் புதுவீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதென்று ஜோதி அதை மூலையில் விட்டுப் போயிருந்தாள். தங்கமாரி அதைக் கையில் எடுத்து, மிஷின் இருந்த இடத்தில் சிதறிக் கிடந்த அரக்கு நூல்களைக் கூட்ட ஆரம்பித்தாள்.